எண்ணெய் டின்னைத் தராசு சரியாகக் கழிக்கிறதா? டேர் பொத்தானைச் சோதிக்கும் முறை

யாங்கோனில் சமையல் எண்ணெய் இன்னும் வீசைக் கணக்கில்தான் போகிறது (ஒரு பர்மிய வீசை சுமார் 1.63 கிலோ). வாங்க வருபவர் தன் பாட்டிலையோ டின்னையோ தூக்குவாளியையோ கையோடு கொண்டு வருவார். ஒருவர் பாத்திரம் போல இன்னொருவர் பாத்திரம் இருக்காது. அதனால் எண்ணெய்க் கடையில் புதிதாக நிற்கிற பையன் முதல் நாளே கற்றுக்கொள்வது, பாத்திரத்தின் எடையைக் கழிக்கும் டேர் பொத்தானைத்தான். பாத்திரத்தை வை, பொத்தானை அழுத்து, பூஜ்யம் வந்ததும் ஊற்று. "தம்பி, டின்னைக் கழிச்சாச்சா?" என்று வாங்க வந்த அக்கா கேட்டால் திரையில் இருக்கிற பூஜ்யத்தைக் காட்டினால் போதும், அவரும் தலையாட்டிவிடுவார்.

ஆனால் அந்தப் பூஜ்யம் எதற்கும் சாட்சியில்லை. அழுத்தினால் பூஜ்யம் காட்டு என்பதுதான் அந்தப் பொத்தானுக்கு இட்ட வேலை. கோளாறான தராசும் அதை ஒழுங்காகச் செய்யும். பாத்திரமே இல்லாமல் எடை போட்டால் ஒரு பொருளுக்கு என்ன எண் வருமோ, பாத்திரத்தைக் கழித்த பிறகும் அதே எண் வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். எண்ணெய்க் கடை மட்டுமில்லை. பருப்பு, கருவாடு, இனிப்பு என்று ஏனத்தில் போட்டு எடை போடுகிற எல்லாக் கடைக்கும் இந்தச் சோதனை பொருந்தும். கூட்டமில்லாத ஒரு மதிய நேரம் இதற்குப் போதும்.

தகட்டைப் படியுங்கள்

தராசின் பக்கவாட்டிலோ அடியிலோ ஒரு தகடு இருக்கும். அதில் அதிகபட்ச எடை, குறைந்தபட்ச எடை, ‘இ’ (e) என்ற சிறிய ஆங்கில எழுத்துக்கு எதிரே ஒரு கிராம் அளவு (பெரும்பாலும் திரையில் எண் தாவும் அளவு), ரோமன் எண்ணில் வகுப்பு ஆகியவை இருக்கும். கடைத் தராசுகள் பெரும்பாலும் மூன்றாம் வகுப்பு. இந்தக் கட்டுரை முழுக்க 15 கிலோ வரை போடக்கூடிய, 5 கிராம் 5 கிராமாக எண் தாவுகிற ஒரு தராசை வைத்தே சொல்கிறேன். உங்களுடையது வேறென்றால் 5 வருகிற இடத்தில் உங்கள் தாவலைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு தவறு தாங்கும் என்பதற்கு நம் இஷ்டப்படி கணக்கு வேண்டாம். பாரிஸில் இருக்கும் பன்னாட்டுச் சட்ட அளவியல் அமைப்பு, ஆர் 76 என்ற ஆவணத்தில் இதற்கு வரம்பு வைத்திருக்கிறது. மூன்றாம் வகுப்புத் தராசுக்கு முதல் 500 தாவல் வரை அரைத் தாவல், 2000 தாவல் வரை ஒரு தாவல், அதற்கு மேல் ஒன்றரைத் தாவல். நம் தராசில் இது 2.5 கிலோ வரை 2.5 கிராம், 10 கிலோ வரை 5 கிராம், 15 கிலோ வரை 7.5 கிராம் என்று வரும். இது புதுத் தராசை முத்திரையிடும்போது உள்ள வரம்பு. புழக்கத்தில் இருக்கிற தராசுக்கு இதைப்போல இரண்டு மடங்கு.

இதில் புதியவர்கள் கவனிக்காமல் விடுகிற ஒன்று உண்டு. இந்த வரம்பு பாத்திரம் கழித்த எடைக்கும் அப்படியே பொருந்தும். 8 கிலோ அண்டாவில் 2 கிலோ பருப்பு என்றால் 2 கிலோவுக்கான வரம்புதான் கணக்கு, 10 கிலோவுக்கானது இல்லை. டேர் அழுத்திய பிறகு பூஜ்யமே எவ்வளவு பிசகலாம் என்பதற்கும் தனி வரம்பு இருக்கிறது: கால் தாவல். நம் தராசுக்கு 1.25 கிராம். 5 கிராமாகத் தாவுகிற திரையில் 1.25 கிராமை எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். அதற்கு மலிவான சாமான் ஒன்று போதும், பின்னால் வருகிறேன்.

வேண்டியவை

முத்திரைபெற்ற எடைக்கற்கள் இருந்தால் நல்லது. எம்1 வகுப்புக் கல்லில் 1 கிலோவுக்கு 50 மில்லிகிராம்தான் ஏற்ற இறக்கம், கடைத் தராசுக்கு அது தாராளம். இல்லையென்றாலும் பரவாயில்லை. டேர் சோதனையில் நாம் ஒப்பிடுவது ஒரே பொருளின் இரண்டு எடைகளை. அந்தப் பொருள் உண்மையில் எத்தனை கிராம் என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. இரும்புக் கட்டி, பழைய வீசைப் படிக்கல், உடற்பயிற்சி இரும்புத் தட்டு எதுவும் ஆகும். செங்கல் மட்டும் வேண்டாம். மழைக்காலத்தில் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஸ்காட் மார்க்கெட்டில் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கும் ஹின்தாப் பறவை வடிவ வெண்கலக் கற்களை எடுத்துக்கொண்டு வராதீர்கள். அழகுதான், கண்ணாடி அலமாரிக்கு.

மூன்று பாத்திரங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்: காலி பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வருகிற டின் ஒன்று, கல்லோ மணலோ போட்டு 5 கிலோ வரை ஏற்றிய அண்டா ஒன்று. அப்புறம் 50 கிராம் கல் ஒன்று. கடைசியாக, மருந்துக் கடையில் கிடைக்கும் 3 மில்லி சிரிஞ்ச், ஊசி இல்லாமல். அதில் 0.1 மில்லிக்கு ஒரு கோடு இருக்கும். தண்ணீர் ஒரு மில்லி ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். நம் ஊர் வெயிலில் அது ஒரு கிராமுக்கு மிகமிகக் கொஞ்சம் குறையும், இந்த வேலைக்கு அது பொருட்டில்லை.

தராசை மேசையில் ஆடாமல் வைத்து, குமிழி வட்டத்துக்குள் நிற்கும்படி கால்களைத் திருகுங்கள். தட்டைத் தூக்கிப் பார்த்து அடியில் சிக்கியிருக்கும் பருப்பையும் கரப்பான் முட்டையையும் துடைத்து எடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். தராசைப் போட்டு அரை மணி நேரம் சூடாக விடுங்கள். பேட்டரி முழுதாக ஏறியிருக்கட்டும். சார்ஜ் இறங்கிய பேட்டரியில் எண் தானாகவே நகரும், அதை டேர் கோளாறு என்று நினைத்துவிடக் கூடாது.

முதல் சுற்று: டேரைத் தொடாமல்

வெறும் தட்டில் 1, 2, 5, 10 கிலோ என்று ஏற்றி, காட்டுவதை எழுதிக்கொள்ளுங்கள். அண்டாவோடு 10 கிலோவை ஏற்றினால் 15 கிலோவைத் தாண்டப் பார்க்கும், அதனால் பின்னால் வரும் சுற்றுகளுக்கு 5 கிலோ வரை போதும்.

10 கிலோ கல் 9.990 என்று காட்டினால் பதற வேண்டாம். புவியீர்ப்பு ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஷாங்காயில் அளவு திருத்திய தராசை யாங்கோனில் அப்படியே வைத்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்துக் காட்டும். 10 கிலோவுக்குக் கிட்டத்தட்ட 10 கிராம். அது தராசின் அளவில் உள்ள குறை, டேருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மெக்கானிக் இங்கே வைத்து அளவு திருத்தினால் போய்விடும். நாம் தேடுவது வேறு.

இரண்டாம் சுற்று: டின்னோடு

இதுதான் முக்கியமான இடம், அவசரப்படாதீர்கள்.

டின்னை வையுங்கள், டேர் அழுத்தாதீர்கள். காட்டும் எண்ணை எழுதுங்கள், 1.240 என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 5 கிலோ கல்லை வையுங்கள். 6.240 வருகிறது. வித்தியாசம் 5.000. இப்போது கல்லை எடுத்துவிட்டு, எண் அசையாமல் நின்ற பிறகு டேர் அழுத்துங்கள். பூஜ்யம் வரும், ‘நெட்’ (நிகர எடை) என்ற விளக்கோ சின்ன முக்கோணமோ எரியும். அதே கல்லைத் திரும்ப வையுங்கள்.

5.000 வந்தால் சரி. வரவில்லையென்றால் மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்: வெறும் தட்டில் காட்டியது, கழித்துப் பார்த்த வித்தியாசம், டேர் அழுத்திய பிறகு காட்டியது. வெறும் தட்டில் 5.000, மற்ற இரண்டும் 4.990 என்றால் டேர் குற்றவாளி இல்லை. எடை ஏற ஏறத் தராசே கோணலாகிறது. முதல் இரண்டும் 5.000, டேருக்குப் பிறகு மட்டும் 4.990 என்றால் கோளாறு டேரில்தான். இப்படிப் பிரித்துப் பார்க்காமல் "டேர் சரியில்லை" என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அவர் அளவைத் திருத்திக் கொடுத்தனுப்புவார், நோய் அப்படியே இருக்கும்.

எண் ஒரே ஒரு தாவல் வித்தியாசப்பட்டால் உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். திரை 5 கிராமுக்கு முழுமையாக்கிக் காட்டுவதால் ஒரு தாவல் அங்கே இங்கே போகும். இதே வேலையைப் பாட்டிலோடும் 5 கிலோ அண்டாவோடும் செய்யுங்கள். அண்டாவில்தான் கள்ளம் வெளிப்படும். சின்னப் பாட்டிலோடு எல்லாத் தராசும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்.

சிரிஞ்ச் சோதனை

டின்னின் நிஜ எடை 1,242 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரை 1.240 என்று காட்டுகிறது. நல்ல தராசு உள்ளுக்குள் 1,242-ஐயே கழிக்கும். மட்டமான தராசு திரையில் தெரிகிற 1,240-ஐ மட்டும் கழித்துவிட்டு மீதி 2 கிராமை உள்ளே வைத்துக்கொள்ளும். திரையில் பூஜ்யம்தான், ஆனால் வாங்குபவர் 2 கிராம் டின்னுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார். இந்த ஒளிந்திருக்கும் கிராமைத்தான் சிரிஞ்ச் வெளியே கொண்டுவரும்.

டின்னை வைத்து டேர் அழுத்துங்கள். டின்னுக்குள் 50 கிராம் கல்லைப் போடுங்கள், 0.050 காட்ட வேண்டும். கல் எதற்கென்றால், பூஜ்யத்தில் நிற்கும்போது பல தராசுகள் சின்னச் சின்ன நகர்வுகளைத் தானாகவே அழித்துப் பூஜ்யத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கல்லைப் போட்டு அங்கிருந்து விலகி வந்துவிட்டால் அந்தத் தொந்தரவு இருக்காது. இப்போது சிரிஞ்சில் 3 மில்லி தண்ணீரை இழுத்து, டின்னின் உள்சுவரோரமாக 0.5 மில்லி விடுங்கள். நுனி டின்னைத் தொடக் கூடாது, தொட்டால் உங்கள் கையையும் சேர்த்து எடை போட்டுவிடும். எண் நிற்கட்டும். இன்னொரு 0.5. இப்படியே விட்டுக்கொண்டு போனால் ஏதோ ஓர் இடத்தில் 0.050 என்பது 0.055 என்று மாறும். முதலில் இரண்டுக்கும் நடுவே ஊசலாடும், அப்புறம் 55-இல் நிற்கும். அதுவரை எத்தனை மில்லி விட்டோம் என்று பாருங்கள்.

கணக்கு எளிது. டேர் மிகச் சரியாக இருந்தால் 2.5 மில்லியில் மாற வேண்டும், ஏனென்றால் 50-க்கும் 55-க்கும் நட்டநடு அதுதான். 1 மில்லியிலேயே மாறிவிட்டால் ஏற்கனவே 1.5 கிராம் உள்ளே கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது. கால் தாவல் வரம்பான 1.25-ஐத் தாண்டிவிட்டது. 3.5 மில்லி வரை மாறாமல் இழுத்தால் 1 கிராம் குறைவு, அது வரம்புக்குள். சுருக்கமாக 1.25-இலிருந்து 3.75 மில்லிக்குள் மாறினால் தேறியது. 3 மில்லிக்கு மேல் போனால் சிரிஞ்சை இன்னொரு தடவை நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஒரு தடவை செய்துவிட்டு நிறுத்தாதீர்கள். முழுமையாக்குவதால் வரும் மிச்சம் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வொரு மாதிரி விழும்; இந்த டின்னில் 2 கிராம், அடுத்த டின்னில் ஒன்றுமே இல்லை என்றும் ஆகலாம். வெவ்வேறு பாத்திரங்களில் நாலைந்து தடவை செய்து பார்த்தால்தான் தராசின் சுபாவம் புரியும். ஒவ்வொரு தடவையும் டின்னைத் துடைத்து உலர்த்திவிட்டுத் தொடங்குங்கள்.

பூஜ்யத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அந்தப் பழக்கத்தையும் தனியே சோதித்துவிடலாம். டேர் அழுத்தி, கல் போடாமல், 1 மில்லி 1 மில்லியாக நிதானமாக 20 மில்லி வரை விடுங்கள். கடைசியில் 0.020 வர வேண்டும். பூஜ்யத்திலேயே குந்திக்கொண்டிருந்தாலோ 0.010-உடன் நின்றாலோ, மெதுவாக விழுவதைத் தராசு விழுங்குகிறது என்று அர்த்தம். நெய்யோ தேனோ சொட்டுச்சொட்டாக ஊற்றி விற்பவருக்கு இது நேரடி நஷ்டம்.

பாத்திரத்தை எடுத்தால்

டேர் அழுத்திய டின்னைத் தட்டிலிருந்து தூக்குங்கள். டின் எடையைக் கழித்தல் குறியோடு காட்ட வேண்டும்: −1.240. திரும்ப வையுங்கள், பூஜ்யம். இதை வேகவேகமாகப் பத்துத் தடவை செய்யுங்கள், கடையில் அப்படித்தானே நடக்கிறது. எண் மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் தட்டின் அடியில் ஏதோ உரசுகிறது.

அப்புறம் முந்தைய ஆளின் டேரை எப்படி அழிப்பது என்று உங்கள் தராசில் பாருங்கள். பெரும்பாலானவற்றில் காலித் தட்டோடு டேரை மறுபடி அழுத்தினால் போய்விடும், நெட் விளக்கும் அணையும். கடைச் சண்டைகளில் பாதி, இந்த விளக்கைப் பார்க்காததால் வருவது.

அதிகபட்ச எடையைப் பற்றி ஒரு வார்த்தை. டேர் அழுத்தினால் தராசுக்குக் கூடுதல் பலம் வந்துவிடாது. 5 கிலோ அண்டா வைத்துக் கழித்தால் மீதி 10 கிலோதான் போடலாம். அதைத் தாண்டியதும் திரை கோடுகளைக் காட்ட வேண்டும்; ஏதாவது எண்ணைக் காட்டிக்கொண்டே போனால் அந்தத் தராசை நம்பாதீர்கள்.

அண்டாவைத் தட்டின் ஓரத்தில் வைத்து ஒரு தடவை, நடுவில் வைத்து ஒரு தடவை டேர் எடுத்து அதே கல்லைப் போட்டுப் பாருங்கள். ஓரத்தில் வைத்தால் அண்டாவுக்குரிய பிசகு கழிந்துபோகும். உள்ளே போடும் பொருளுக்குரிய பிசகு நிற்கும். அதனால் பூஜ்யத்தைப் பார்த்து மூலைக் குறையை, அதாவது ஓரத்தில் வைத்தால் எண் மாறுவதை, கண்டுபிடிக்க முடியாது.

கரண்ட் போய் வந்தால்

இது நம் ஊருக்கென்றே சேர்க்க வேண்டிய சோதனை. தராசைப் போடும்போது தட்டில் ஏதாவது இருந்தால் அதையே காலித் தட்டு என்று எடுத்துக்கொள்ளும். ஆர் 76 இதற்கு அதிகபட்ச எடையில் 20 சதவீதம் வரை இடம் கொடுக்கிறது. 15 கிலோ தராசில் 3 கிலோ. பேட்டரி செத்துப்போன தராசில் 2 கிலோ டின் உட்கார்ந்திருக்கும்போது கரண்ட் போய் வந்தால், திரும்ப எரியும்போது பூஜ்யம் காட்டும், நெட் விளக்கு எரியாது. டின்னை எடுத்ததும் −2.000 என்றோ கோடுகள் என்றோ வரும். அதைக் கவனிக்காமல் அடுத்தவருக்குப் பருப்பு மூட்டையை அப்படியே தட்டில் வைத்தால் 2 கிலோ உங்கள் கையிலிருந்து போகும்.

2 கிலோவை வைத்துத் தராசை அணைத்துப் போட்டு உங்களுடையது என்ன செய்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் ஓடும்போது ஒரு தடவை, ஜெனரேட்டரில் ஓடும்போது ஒரு தடவை, இரண்டாம் சுற்றைத் திரும்பச் செய்வதும் நல்லது. ஜெனரேட்டர் கிளம்பும் நொடியில் டேர் அழுத்தாமல் இருந்தால் அதைவிட நல்லது.

வீசைக்கு மாற்றும்போது

2013-இல் மெட்ரிக் முறைக்கு மாறப்போகிறோம் என்று அரசு அறிவித்தது. பயின்னௌங் மொத்தச் சந்தையிலும் தெய்ன்ஜீ சந்தையிலும் வியாபாரிகள் பேசுவது இன்னும் வீசையும் டிக்கலும்தான் (டிக்கல் என்பது வீசையில் நூறில் ஒரு பங்கு). கிலோவும் வீசையும் மாறி மாறிக் காட்டும் தராசு உங்களிடம் இருந்தால், டேர் அழுத்திய பிறகு அலகை மாற்றிப் பாருங்கள். பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்க வேண்டும். 5 கிலோ கல் 3.062 வீசைக்கு அருகில் வர வேண்டும், திரை 0.005 வீசையாகத் தாவினால் 3.060. அலகை மாற்றியதும் டேர் அழிந்து மொத்த எடை வந்துவிடுகிற தராசுகளும் உண்டு. அது கோளாறென்று சொல்ல முடியாது, ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வீசைக் கல்லைக் கிலோவில் போட்டால் எண் 1.630-க்கும் 1.635-க்கும் இடையே ஊசலாடினால் தராசைத் திட்டாதீர்கள். பர்மிய வீசை 1,632.9 கிராம், இரண்டு எண்களின் நட்டநடுவான 1,632.5-ஐ ஒட்டியே விழுகிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்த பழைய வீசைக் கல் வீட்டில் கிடந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வராதீர்கள். அது மதராஸ் வீசை, 1.4 கிலோ சொச்சம்தான்.

தேறவில்லையென்றால்

எழுதி வைத்த தாளைத் தூக்கிப் போடாதீர்கள். தேதி, பாத்திரம், மூன்று எண்கள், சிரிஞ்சில் எத்தனை மில்லி, கரண்டா பேட்டரியா என்பது அதில் இருக்கட்டும். தராசின் உள் மெனுவுக்குள் போய் நீங்களாகவே அளவு திருத்தப் போகாதீர்கள். டேர் கோளாறு அதனால் தீராது, சரியாக இருந்த அளவும் கெடும், முத்திரையும் போகும். பழுதுபார்ப்பவரிடம் போகும்போது தராசோடு உங்கள் அண்டாவையும் கல்லையும் சிரிஞ்சையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் மேசையில் காலித் தட்டில் கல்லை வைத்து "நல்லாத்தானே இருக்கு அண்ணே" என்பார். அப்போது அண்டாவை ஏற்றி, டேரை அழுத்தி, அதே கல்லை வைத்துக் காட்டுங்கள்.